கம்பெனி பஸ்ஸில் ஓடிய பாடம்

அந்தப் பென் டிரைவ் சிவப்பு நிறம். பஸ் பிளேயரில் எப்போதும் செருகியே இருக்கும். தொலைந்துவிடக் கூடாதென்று கயிறு கட்டிப் பக்கத்துக் கம்பியில் முடிந்திருப்பார் டிரைவர் அண்ணன். செவ்வாப்பேட்டையில் எங்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போகும் கம்பெனி பஸ்ஸில் அவர் வைத்ததுதான் சட்டம். குத்துப்பாட்டுக்கென்றே அவர் வாங்கிய அந்தப் பென் டிரைவில் ஒருநாள் என் புள்ளியியல் பாடமும் ஏறிக்கொண்டது.

பட்டப்படிப்பில் அந்த ஒரு தாள் மட்டும் எனக்கு அரியராக நின்றது. அது தேறாவிட்டால் பட்டமும் கிடையாது, மேற்படிப்பும் கிடையாது. காண்ட்ராக்ட் வேலையிலேயே காலம் போய்விடுமோ என்று பயந்து கிடந்தேன். எங்கள் கல்லூரிப் பேராசிரியை தன் பாடங்களைக் குரலில் பதிந்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக நகலெடுக்கலாம், போட்டுக் கேட்கலாம், மாற்றியும் கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால் தூக்கம்தான். பஸ்ஸில் கேட்கலாமென்றால் பாட்டுச் சத்தத்தில் இயர்போன் எதற்கும் உதவவில்லை. கொஞ்சம் குறைக்கச் சொல்லித்தான் அண்ணனிடம் போனேன்.

"கொறைக்கறது இன்னா, உன் பாடத்தையே போட்டுடலாம், குடும்மா" என்றார்.

பஸ்ஸே கொதித்தது. "காலங்காத்தால இன்னாண்ணா பேஜாரு!" என்று பின்சீட்டு அக்காக்கள் கத்தினார்கள். அண்ணன் அசரவில்லை. போகும்போது பாடம், வரும்போது பாட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வழியில் ரயில்வே கேட் வந்தால் பாடத்தை நிறுத்துவார். ரயில் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் தப்பக் கூடாதாம். நிறுத்தியவர் சும்மா இருப்பாரா? "நாளைக்கு கேட் மூடிக்கினு இருக்குமா, தொறந்திருக்குமா? நிகழ்தகவு இன்னா, சொல்லுங்கம்மா பாப்போம்" என்பார். அந்த 'நிகழ்தகவை' வாய் நிறையச் சொல்வதில் அவருக்கு அப்படியொரு பெருமை. பாடமே வேண்டாமென்று கத்திய அக்காக்கள், நேற்று மூடியிருந்தது, முந்தாநாள் திறந்திருந்தது என்று கணக்குப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையில்தான் எனக்குப் பாடம் மண்டையில் ஏறியது. தேறியதும் பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தேன்.

இன்று நானும் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். போன மாதம் பேராசிரியையின் பாடத்தையே எடுத்து, அதில் ரயில்வே கேட் உதாரணத்தைச் சேர்த்து, என் குரலில் பதிந்து பொதுவில் விட்டேன். முதலில் அனுப்பியது அண்ணனுக்குத்தான். இன்னும் அதே தடத்தில்தான் ஓட்டுகிறார். மறுநாளே போன் செய்தார்.

"நல்லாத்தான்மா கீது. உன்ன மாதிரியே அரியர் வெச்சுக்கினு ஒரு பொண்ணு வருது, அதுக்குத்தான் போட்டேன். ஆனா நீ கேள்விய கேட்டுட்டு நீயே பதிலயும் சொல்லிக்கினு போற. பஸ்ல இருக்கறவங்க எப்போ சண்ட போடறது?"

சிரித்தேன். போனை வைத்த பிறகு கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் வகுப்பிலும் நான் அப்படித்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அன்றே மறுபடி பதிந்தேன். அண்ணனின் சிவப்புப் பென் டிரைவில் இப்போது இருப்பது அந்தப் பதிவுதான். அதில், நாளைக்குக் கேட் மூடியிருக்குமா என்று கேட்டுவிட்டு, ஒரு முழு ரயில் கடந்து போகும் நேரம் நான் பேசாமல் இருக்கிறேன்.