மல்லாந்து கிடக்கும் டிஷ்

எங்கள் சபையில் ஓட்டுப் போடுவது கையைத் தூக்கித்தான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கேரளத்துக்குள் இருக்கும் பாறசாலைப் பக்கத்துப் பழைய மிஷன் சபை. யாருக்கு எதிராக யார் கை தூக்கினார்கள் என்பது மதியச் சோற்றுக்கு முன்பே எல்லா வீட்டிலும் தெரிந்துவிடும். ஞாயிறு காலைத் தமிழ் ஆராதனையை நிறுத்திவிடலாம், மலையாளம் மட்டும் போதும் என்று அடுத்த வீட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன் எழுந்து சொன்னான். என்னைவிட மூத்தவன்தான், ஆனால் எழுதும்போது மரியாதை வரமாட்டேன் என்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து லைன் வாங்கி ஊருக்கே கேபிள் கொடுத்தவன் அவன்; டிஷ் வைத்துப் பழக்கமில்லை. நான் எதிராகக் கை தூக்கினேன். மறுநாள் காலை எங்கள் வீட்டு டிவி இருண்டது.

அம்மா அப்போது படுத்த படுக்கை. பக்கவாதத்தில் பேச்சும் போயிருந்தது. காலையில் டிவியில் வரும் தமிழ் ஜெபம் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். போன் செய்தபோதெல்லாம் அவன் "இன்னா வாறேன்" என்றான், வரவில்லை. கடைசியில் அவன் கடைக்கே போனேன்.

"அம்மைக்கு அந்த ஜெபம் ஒண்ணுதான் உண்டு, அண்ணா. லைனைச் செரியாக்கித் தாருங்க."

அவன் நிமிரவில்லை. "தமிழ் வேணும்னா களியக்காவிளை தாண்டிப் போய்க் கிடக்கட்டும். இது கேரளமாக்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று சபித்துக்கொண்டே வந்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட இன்றுவரை நான் திரும்பப் பெறவில்லை.

காசு கேட்காத தமிழ்ச் சேனல்கள் ஆகாயத்திலிருந்து சும்மா இறங்குகின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஆறடி டிஷ் கிடைத்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து டெரசில் அதைத் திருப்பினேன். கீழே படுத்திருந்த அம்மாவிடம், படம் வந்தால் தம்ளரால் கட்டில் கம்பியில் தட்டச் சொல்லியிருந்தேன். வெயில் தாழும்போது தட்டினாள். நான் இறங்கி வந்த பிறகும் நிறுத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. அதனால் டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்துதான் கிடக்கும். முதல் மழையிலேயே படம் உடைந்தது. ஏறிப் பார்த்தால் டிஷ் நிறையத் தண்ணீரும் பலாச் சருகும், நடுவில் ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது. டிரில்லை எடுத்து அடியில் ஒரு துளை போட்டேன். தொல்லை தீர்ந்தது. அம்மா போகிறவரை ஜெபம் தவறவில்லை.

என் ஆத்திரம் அம்மாவோடு போகவில்லை. கேட்டவர்கள் வீட்டிலெல்லாம் ஏறி டிஷ் வைத்துக் கொடுத்தேன். ஜனங்கள் போனிலேயே எல்லாம் பார்க்கும் காலமும் வந்துசேர, அவன் கடை மூடியது. அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

இந்த வருஷம் கோடையில் அவன் அம்மா, என் சித்தி, வழுக்கி விழுந்து படுக்கையானாள். அவன் எங்கள் கேட்டில் வந்து நின்றான்.

"மக்கா, அம்மை தமிழ் ஜெபம் கேட்டு அழுவுது. ஒரு டிஷ் வச்சுத் தா."

"களியக்காவிளை தாண்டிப் போனா கிட்டுமே, அண்ணா."

தலை குனிந்து நின்றான். வேண்டிய மட்டும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். சித்தி எனக்கு ஒரு தீங்கும் செய்தவள் அல்ல. டிஷ் வைத்தேன், படம் வந்தது. சித்தியின் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்து, "படம் போனா தட்டுங்க சித்தி, அண்ணன் ஏறிப் பாக்கும்" என்றேன். துளை மட்டும் போடவில்லை.

இப்போது மழைக்காலம். மழை விட்டதும் அடுத்த வீட்டிலிருந்து தம்ளர் சத்தம் கேட்கிறது. அவன் வேட்டியை மடித்துக் கட்டி, ஏணியில் ஏறி, பாத்ரூம் கப்பால் தண்ணீரைக் கோரி ஊற்றுகிறான். காயாத துணியை எடுக்கிற சாக்கில் நான் எங்கள் டெரசில் நிற்பேன்.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தானா மக்கா?" என்று நேற்று கேட்டான்.

"மழைன்னா அப்படித்தான், அண்ணா."

டிரில் என் அலமாரியில்தான் இருக்கிறது. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு அம்மா கிடந்த அத்தனை காலைகளுக்கும் அவன் ஏறி இறங்கட்டும். அப்புறம் எடுத்துக்கொண்டு போகிறேன்.