சாகக் கூடாத மீன்கள்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால்காரரையும் நம்ப மாட்டேன், பால் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரியையும் நம்ப மாட்டேன். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது, "ஒனக்கேத்த வேலதான்" என்றார் என் வீட்டுக்காரர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போன சாரல் சீசனில் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆலங்குளம் போகிற வழியில் ஒரு குளத்தில் மீன் வளர்க்கக் குத்தகை எடுத்திருப்பவர். குளத்துக்கு மேட்டில் ஒரு மர அறுவை மில். பலகை உளுத்துப் போகாமலிருக்க அங்கே அதை ஒரு மருந்துத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். வைகாசியில் ஒருநாள் அந்தத் தொட்டியைக் கழுவி விட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் இவருடைய கெண்டைகள் அத்தனையும் வயிறு மேலே தெரிய மிதந்தன. வெயிலில் செத்தது என்றது மில். மருந்துதான் கொன்றது என்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள் அதிகாரிகள்.

"நீங்க ஒரு பேப்பர் தந்தியன்னா போதும் மேடம். இல்லன்னா அவன் கழுவிக்கிட்டேதான் இருப்பான். நான் குளத்த விட்டுட்டுப் போகவேண்டியதுதான்" என்றார்.

சோதனை எளிமையானது. வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் பத்து மீன் குஞ்சுகள். முதல் தொட்டியில் மருந்து துளியூண்டு, அடுத்ததில் கொஞ்சம் கூட, இப்படியே ஏற்றிக்கொண்டு போவோம். எந்த அளவில் பாதி மீன் சாகிறது என்று நான்கு நாள் பார்க்க வேண்டும். கடைசித் தொட்டியில் மட்டும் ஒன்றும் கலக்கக் கூடாது. அதில் இருக்கும் மீன்கள் சாகவும் கூடாது. செத்தால் சோதனை செல்லாது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளத்துத் தண்ணீரின் மேலேயோ வழக்கே. "ஐந்தருவித் தண்ணி பிடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, கூட்டம் வாரதுக்கு முந்தி" என்று அவரிடமே சொன்னேன். எதைச் சந்தேகப்பட்டாலும் குற்றாலத் தண்ணீரை எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும்தான். அவர் விடியற்காலையில் போய்ப் பிடித்து வந்தார். ஆய்வகத்தின் பின்வாசலில் வாங்கி, தொட்டிகளில் ஊற்றியவர் எங்கள் அட்டெண்டர்.

முதல் நாள் மதியம், மில்லுக்கு அந்த மர மருந்தை விற்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, கையில் அல்வா டப்பா. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்று சிரித்தார். நான் டப்பாவைத் தொடவில்லை. அட்டெண்டர் தொட்டார். ரசித்துச் சாப்பிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் ஒன்றும் கலக்காத தொட்டியில் ஏழு மீன் செத்துக் கிடந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அல்வா வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அட்டெண்டரைக் கூப்பிட்டு, யார் இந்தத் தொட்டியில் கை வைத்தது என்று கேட்டேன்.

"என்னயா சந்தேகப்படுதிய மேடம்?" என்றார் அவர். "தண்ணி ஊத்தும்போதே என்னமோ மணந்துச்சு. அதையும் பாருங்க."

"தரையில நீங்க ஊத்துன பினாயில்தான் மணந்திருக்கும்" என்று வாயை அடைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டேன். இருபது வருடமாக அவர் இடுப்பில் இருந்த சாவி. மறு பேச்சில்லாமல் கழற்றித் தந்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கோபப்படாததையும் குற்றத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட புத்தி இது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அண்ணாச்சியிடம் புதுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அட்டெண்டரை உள்ளே விடாததால் பின்வாசலுக்கு நானே போனேன். அண்ணாச்சி ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி வைத்து ஒரு நீலக் கேன் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தேன். மண்ணெண்ணெய் போல ஒரு வாடை, லேசாக. கேனைத் திருப்பிப் பார்த்தேன். பாதி சுரண்டிய லேபிளில் மஞ்சள் முக்கோணம். உள்ளே மேசையில் நான் பூட்டி வைத்திருந்த மருந்துப் புட்டியில் இருப்பதும் அதே லேபிள்தான்.

"இது எங்கன கிடைச்சது அண்ணாச்சி?"

"மில்லுலதான். சண்டை வாரதுக்கு முந்தி வாங்குனது. காலி கேனுல்லா, எல்லாரும் வாங்குவாங்க. வெந்நி ஊத்தி, சாம்பல் போட்டு நல்லா அலசியாச்சு மேடம்."

மீன்களைக் கொன்றது அல்வா இல்லை, இந்தக் கேன். அட்டெண்டர் வாசலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாவியை நீட்டினேன். "மேசைல வைங்க மேடம், பொறவு எடுத்துக்கிடுதேன்" என்றார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குள் வந்துவிட்டது.

"வீட்டுல இதுல என்ன வைக்கிய அண்ணாச்சி?"

"குடிக்கதுக்குத்தான். இதே மாதிரி ரெண்டு கெடக்கு. சீசன் தொடங்குனதுலருந்து புள்ளையளுக்கு அருவித் தண்ணிதான்." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "ஏட்டி, அந்தத் தண்ணிய ஊத்து. கேக்காத, ஊத்து. கேனத் தூக்கி வெளிய போடு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புள்ளையளுக்கு என்ன ஆகும் மேடம்?"

எனக்கு மீனுக்கு நாலு நாள் கணக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு மாதம் தினமும் துளித் துளியாகக் குடித்த பிள்ளைக்கு என்ன ஆகும் என்று என் தொட்டிகள் சொல்லாது. ஆனாலும் தெரிந்தவரையில் உண்மையைத்தான் சொன்னேன். இந்த மருந்து மீனுக்குத்தான் ரொம்ப ஆகாது, மனுசன் உடம்பு அதைவிட எவ்வளவோ தாங்கும், பயப்படாதீங்க, எதுக்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். இதுவரை செத்த மீன்களைக் கணக்கில் எழுத முடியாது, வேறு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அண்ணாச்சி கேனை மூடி ஸ்கூட்டரில் ஏற்றினார். வண்டியைக் கிளப்பப் போனவர் திரும்பி, நான் எல்லாரையும் பார்க்கிற அதே பார்வையால் என்னைப் பார்த்தார்.

"மீன் செத்ததும் கணக்கில்ல, மனுசனுக்கும் ஒண்ணும் ஆகாதுங்கிய" என்றார். "கம்பெனிக்காரன் ஒங்களயும் வந்து பாத்துட்டானோ மேடம்?"