மலைக்குப் போன இடது சப்பாத்து

என் கணவர் மலையேறுகிறவர்களுக்குச் சப்பாத்துச் செய்கிறவர் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். உருத்திரபுரத்தில் ஏது மலை? வயல், வாய்க்கால், அதற்கு அப்பால் இன்னொருவருடைய வயல். "முதல்ல ஒரு மலையைக் கட்டிப்போட்டுப் பிறகு சப்பாத்தைத் தையுங்கோவன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பகிடி விடுவார். எனக்குச் சுர்ரென்று ஏறும். என் கணவரோ ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து சிரிப்பார். கோபப்படுகிற வேலையை எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பார்க்கிறேன்.

கணவர் வீட்டார் வழிவழியாகத் தோல் வேலை செய்த குடும்பம். பூட்டனார் காடு அளக்க வந்த சேவையர்மாருக்குச் சப்பாத்துத் தைத்தவராம். காட்டுச் சப்பாத்துக்கு ஒரு தனி முறை இருக்கிறது. கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். லேஸுக்குக் கீழே கிடக்கும் தோல் துண்டை நாக்கு என்போம். கடைச் சப்பாத்தில் அது தன்பாட்டில் ஆடிக்கொண்டு கிடக்கும். இவர்கள் அதை இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்து விடுவார்கள். உண்ணியும் மண்ணும் உள்ளே போகாது, வாய்க்காலில் கால் வைத்தாலும் தண்ணீர் சட்டென்று புகாது. இன்றைக்கு யானை வேலி போடப் போகிறவர்களும் பாம்புக்குப் பயந்த கமக்காரரும் அதைத்தான் கேட்டு வருகிறார்கள். மலையேறித் திரிகிற பெடியள் பெட்டையள் ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் எடுப்பிக்கிறார்கள். மேல்தோலை மெஷினில் தைப்பது என் வேலை. நான் முதலில் சட்டை தைத்தவள். பூப்போட்ட சீத்தைத் துணியிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறியபோது உடைத்த ஊசிகளுக்குக் கணக்கில்லை.

நாங்கள் விரும்பிக் கலியாணம் முடித்தவர்கள். வயல் செய்கிற வீட்டுப் பெட்டை தோல் தைக்கிற வீட்டுக்குப் போனதில் என் சொந்தக்காரர் பலருக்குச் சாதி முட்டியது. வந்தால் வாசலில் நிற்பார்கள், தேத்தண்ணி வேண்டாம் என்பார்கள். என் அக்கா மட்டும் முதல் நாளே வந்து, குசினிக்குள் நேரே போய், சட்டியைத் திறந்து பார்த்து, "கறிக்கு உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்ட பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அவள் சொல்லுக்கு அப்படி ஒரு பவர்.

அந்த அக்காவுக்கு இடது பாதத்தின் முன்பாதி இல்லை. மீளக் குடியேறிய காலத்தில் வளவு துப்புரவாக்கப் போன இடத்தில் மிதிவெடி. குதியும் நடுப்பாதமும் மிஞ்சின. அதற்குப் பிறகு துணி சுற்றி, ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டி நடந்தாள். நடப்பாள், ஆனால் மெல்ல. கோயிலுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் முன்னுக்குப் போகிற சனம் ஓர் இடத்தில் நின்று, "அக்கா வரட்டும்" என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்பில்தான் நிற்கிறார்கள். அவளுக்கு அதுதான் பிடிக்காது. வெடித்த நாளைப் பற்றி அவள் அழுததில்லை. இந்த "அக்கா வரட்டும்" என்ற சொல்லுக்கு அழுதிருக்கிறாள், நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாசி மாதம் ஊர்ச்சனம் ஒரு வான் வண்டி பிடித்துச் சிவனொளிபாதமலைக்குப் போகத் தீர்மானித்தது. யாரோ நல்ல மனதோடு, "அக்கா அடிவாரத்தில இருந்து கும்பிடலாம், தேத்தண்ணிக் கடையில கதிரை போட்டுத் தருவினம்" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அக்கா நேரே எங்கள் பட்டறைக்கு வந்தாள்.

"தம்பி, மலை ஏற எனக்கொரு சோடி செய்து தாரும். ஒருத்தரும் எனக்காக நிண்டு பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஏலாதெண்டால் இப்பவே ஏலாதெண்டு சொல்லும்."

"ஏலும் அக்கா" என்றார் இவர்.

அவள் படலை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "ஏலுமோ எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பிறகு பார்த்தால் அவர் அந்தப் பின்னேரமே அளவெடுக்கப் புறப்பட்டுவிட்டார். பின்னேரம்தான் அளவெடுப்பார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால் அப்போதுதான் தன் சரியான பருமனைக் காட்டும் என்பது அவர்கள் குடும்பத்துக் கணக்கு.

வலது சப்பாத்துச் செய்வது லேசு. இடதுக்குள் இல்லாத பாதியை உண்டாக்க வேண்டும். முள்முருக்கு மரத்தில் விரல் பக்கத்தைச் செதுக்கினார். அது கையில் எடுத்தால் பாரமே தெரியாத மரம். காலும் மரமும் சந்திக்கிற இடத்தில் பழைய ரப்பர் செருப்பை அரிந்து மெத்தை வைத்தார். விரல் இல்லாத கால் நடக்கும்போது மடியாது. அதனால் அடியில் மரம் அரிகிற பழைய வாளின் தகட்டை மறைத்து வைத்து, ட்ரக்டர் டயரில் வெட்டிய அடிப்பகுதியின் முன்பக்கத்தை வள்ளத்தின் மூக்குப் போல மேலே வளைத்தார். கால் மடியாவிட்டால் சப்பாத்து உருள வேண்டும், அதுதான் யோசனை. வலதுக்கும் அதே மாதிரி வளைவு. "ரெண்டும் ஒரு தாய் பிள்ளையளாத் தெரிய வேணும்" என்றார்.

பரீட்சை பார்க்க எங்களிடம் இருந்த ஒரே மலை குளக்கட்டு. ஏறும்போது நன்றாக ஏறினாள். இறங்கும்போது பாதிக் கால் வழுகிப் போய் மரத்தில் இடித்தது. அக்காவின் வாயில் வந்ததை எழுதினால் இதை யாரும் அச்சில் போட மாட்டார்கள். மாடு மேய்த்துக்கொண்டு நின்றவர், "என்ன அக்கா, பொலிசில சேரப் போறியளோ?" என்று கேட்டு அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இவர் எல்லாத் தையலையும் பிரித்தார். குதி இருக்கிற இடத்தை ஆழமாக்கினார், லேஸ் ஓட்டைகளைக் கணுக்காலுக்குக் கிட்ட ஏற்றினார், கால் முன்னுக்கு ஓடாதபடி பாதத்தின் மேலால் ஒரு வார் போட்டார். நான் திரும்பத் தைத்தேன். அடுத்த முறை குளக்கட்டில் அவள் இறங்கி வந்து, திரும்ப ஏறி, திரும்ப இறங்கினாள். எங்களுக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அவள் சப்பாத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து, இரண்டிலும் சந்தனப் பொட்டு வைத்து, அலுமாரிக்குள் பூட்டிவிட்டாள். புதுச் சைக்கிளுக்கு வைக்கிற மாதிரி! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மலைக்குச் சனம் இரவில்தான் ஏறும், மேலே போய் விடியலைப் பார்க்க. அக்கா வழியைக் கண்ணால் பார்த்து ஏற வேண்டும் என்று நாங்கள் வானில் வந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, விடிந்த பிறகு புறப்பட்டோம். அடிவாரத்தில் ஒரு கல்லில் அவளை இருத்தி, இவர் பையிலிருந்து சப்பாத்தை எடுத்தார்.

அக்கா கையை மடக்கிக்கொண்டாள். "மாட்டுத் தோலைப் போட்டுக்கொண்டு சாமியட்டப் போறதோ? நான் மாட்டன்."

என் காதை நான் நம்பவில்லை. "விசரே உனக்கு? பொட்டு வைச்சது ஆர்?"

"பொட்டு வைக்கிறது வேறை, போட்டுக்கொண்டு மலையில ஏறுறது வேறை. மலை முழுக்கச் சாமியெல்லோ."

"இவ்வளவு நாளும் இந்த மனுசன் குந்தியிருந்து செதுக்கினது உன்ர அலுமாரியில வைக்கவோ? இதைச் சொல்ல வவுனியா, கண்டி எல்லாம் தாண்டி இஞ்ச வர வேணுமோ?"

நான் கத்திய கத்தலில் பக்கத்தில் போன வெள்ளை உடுப்புச் சிங்களச் சனம் நின்று பார்த்தது. உண்மையில் எனக்கு நெஞ்சு வலித்தது. எங்கள் வீட்டில் முதல் ஆளாகச் சாப்பிட்டவளின் வாயிலிருந்து அந்தச் சொல் வரலாமா? இவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவர் வெகு சாதாரணமாக, "விடும். அவாவின்ர சாமி, அவாவின்ர கால்" என்று சொல்லிவிட்டு லேஸைத் திரும்பக் கட்டத் தொடங்கினார்.

அக்கா துணியையும் செருப்பையும் கழற்றிவிட்டு எழும்பிச் சீமெந்துப் படியில் வெறுங்காலை வைத்தாள். வலதை வைத்தாள், இடதை வைத்தாள். துணியும் கயிறும் இல்லாத பாதிக் கால் அவளைத் தாங்கவில்லை. என் தோளைப் பிடித்தாள். ஒரு படி. இன்னொரு படி. அங்கே நின்றுவிட்டாள். பின்னால் வந்த கூட்டமும் நின்றது, அவளுக்காக. அவள் திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"தம்பி, இடதைத் தாரும்."

"மற்றது?"

"மற்றது சப்பாத்து. இது சப்பாத்தில்லை, நீர் செய்து தந்த என்ர கால். காலை ஆரும் கழட்டி வைச்சிட்டுக் கோயிலுக்குப் போறவையோ?"

இவர் முழந்தாளிட்டு லேஸைக் கட்டி, வாரை இறுக்கிவிட்டார். நான் என்ன செய்வேன், கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சிரித்துவிட்டேன்.

இப்படித்தான் என் அக்கா ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கால் வெறுமையுமாக மலை ஏறினாள். வலது சப்பாத்தைச் சுமந்தது நான். தேத்தண்ணிக் கடையில் நின்ற மலையகத்துப் பெண் வாயில் கைவைத்து, "என்னாக்கா, இன்னொரு சப்பாத்த எங்க விட்டுட்டீங்க?" என்று கேட்டாள். "அது இவளின்ர கையில வருது" என்று அக்கா நிற்காமலே பதில் சொன்னாள். ஏறும்போது நின்றோம்தான். மூச்சுக்கு நின்றோம், மூவரும் சேர்ந்து நின்றோம். அதை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

உச்சியில் எல்லோரும் காலணி கழற்றுகிற இடத்தில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு பெரியவர் இருந்தார். அக்காவின் இடது காலைக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அக்கா நிலத்தில் குந்தி, வாரைத் தளர்த்தி, லேஸை அவிழ்த்து, காலைப் பாதி உருவிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். சப்பாத்தின் முனையை விரலால் தட்டினார், உள்ளே இருந்த மரம் டொக்கென்றது. அவர் ஒரு சொல் சொல்லிக் கையை அசைத்தார். இவருக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்.

"காலைக் கழட்டச் சொல்ல நான் ஆர் எண்டு கேக்கிறார்."

அக்கா அதைக் கேட்டு ஏதோ பெரிய வழக்கில் வென்றவள் மாதிரி என்னைப் பார்த்தாள். லேஸைக் கட்டிக்கொண்டு மேலே போனாள். நானும் போனேன். சாமியிடம் என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. என் பக்கத்தில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

இறங்கத் தொடங்குகிற இடத்தில் அக்கா கையை நீட்டினாள். "சரி, கும்பிட்டாச்சு. இப்ப மற்றதையும் தா."

"சாமியின்ர மலையெல்லோ?"

"ஏறேக்குள்ள நான் சாமியட்டப் போனனான். இப்ப வீட்டை போறன். வாயைக் காட்டாமல் தாடி!"

கொடுத்தேன். இரண்டையும் போட்டு எழும்பி நின்றாள். இறங்குவதில்தான் குளக்கட்டில் இடித்தது, குளக்கட்டு இந்த மலையின் ஒரு துண்டுக்குக் கூடக் காணாது. அக்கா முதல் படியை இறங்கினாள். சப்பாத்தின் வளைந்த மூக்குப் படியின் விளிம்பில் உருண்டது. அடுத்தது. கால் முன்னுக்கு ஓடவில்லை. அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது என்று முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. கையை வீசத் தொடங்கிவிட்டாள்.

பிறகு அவளைக் காணவில்லை. நான் ரப்பர் செருப்போடு, முழங்கால் இரண்டும் தந்தியடிக்க, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். இவரும் அதே நிலைமைதான். ஊருக்கெல்லாம் மலைச் சப்பாத்துத் தைக்கிற மனுசன் தனக்கென்று ஒன்று தைக்காமல் பாட்டாச் செருப்போடு வந்திருந்தார். ஒரு வளைவு திரும்பியதும் கீழே, வெகு கீழே, ஒரு கடை வாசலில் அவளைக் கண்டோம். விடியலைப் பார்த்துவிட்டு முதலே இறங்கிய எங்கள் வான் சனமும் அங்கேதான் நின்றது. அவள் எல்லோருக்கும் முன்னால், வழியின் நடுவில், இடுப்பில் கைவைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் மலை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"கெதியா வாங்கோ ரெண்டு பேரும்! உங்களுக்காக இன்னும் எவ்வளவு நேரம் நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறது?"