மரத்துக்காரரின் புதுக் கம்ப்யூட்டர்

சொந்தக்காரர்களுக்கு அவர் 'மரத்துக்காரர்'. மரக்கடை ஏதும் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை. ஓய்வு நேரமெல்லாம் குடும்பத்து வம்சாவளியைக் கம்ப்யூட்டரில் மரமாக வளர்த்ததால் வந்த பெயர் அது. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் மனிதர் ஆஜர். நலம் விசாரிப்பதற்கு முன்னால் பிறந்த தேதியை விசாரிப்பார். அவரைத் தூரத்தில் கண்டதுமே நழுவுகிறவர்களும் உண்டு.

படங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. "எங்கிட்ட குடுத்துடுங்க, பத்திரமா இருக்கும்" என்று கேட்டு வாங்கிச் சேர்த்தார். அத்தான் படுக்கையில் கிடந்தபோது, அவரைப் பேச வைத்து அக்காவின் போனில் பதிவு செய்ததும் இவர்தான். அத்தான் போன பிறகு, போனில் இடமில்லை என்று அக்கா புலம்பியபோது, அந்தப் பதிவைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போனிலிருந்து நீக்கியதும் இவரேதான். "எங்கிட்ட இருக்குக்கா, கவலைய விடு" என்றார். அக்காவும் விட்டாள்.

பிறகு புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மரம் இருந்த கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப் புதியதில் போட்டார். திறந்ததும் தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் பெயர்களாக வந்து நின்றார்கள். தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். கல்யாணக் கோலத்தில் அவரே சிரித்தார். மனம் குளிர்ந்துவிட்டது. வீட்டு விஷயம் அந்நியர் கண்ணில் படக் கூடாதென்று பழையதில் இருந்ததையெல்லாம் தன் கையாலேயே அழித்து, பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டார்.

அந்தக் கோப்பில் படமும் குரலும் கிடையாது. அவை எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்ற விலாசம் மட்டும்தான் உண்டு. தன் படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும் ஆசையாக முதல் நாளே புதியதில் ஏற்றி வைத்திருந்தார். அதனால் அவர் மட்டும் சிரித்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்டா, அவரு பேசினத கேக்கணும்" என்று அக்கா போன் செய்த பிறகுதான் அத்தான் பெயரைத் தட்டினார். வெறும் கட்டம். சித்தி, பெரியப்பா, மாமா, எங்கே தட்டினாலும் கட்டம். பழைய சாமான் கடைக்கு ஓடினார்.

"அத பிரிச்சு அப்பவே வித்தாச்சு சார்" என்றார் கடைக்காரர்.

அந்த ஞாயிறு கரண்ட் இல்லை என்றார். அடுத்த ஞாயிறு ரிப்பேர் என்றார். அக்கா ஒவ்வொன்றையும் நம்பியதுதான் அவரைக் கூச வைத்தது. ஊரார் கண்ணாடியை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துக் கொடுக்கிற தான், இங்கே தன் மூஞ்சியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லையே என்று வேலை நடுவில் கூனிக் குறுகிப்போனார்.

கடைசியில் அக்காவே வந்து நின்றாள். இயர்போனைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அவர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"உன் படம் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"ஓ."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் இயர்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒரு தடவகூட கேக்கலடா. தைரியம் இல்ல. இப்பத்தான் கேக்கலாம்னு தோணுச்சு." அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துச் சொன்னாள்: "சரி, அழாத. நீதான பக்கத்துல உக்காந்து எடுத்த? அவரு என்ன சொன்னாருன்னு உன் வாயாலயே சொல்லு. போதும்."

அவர் வாயைத் திறந்தார். அன்று அத்தான் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. பதிவு நன்றாக வர வேண்டுமே என்று, போன் திரையில் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு துழாவியும் ஒரு குரல்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் அவருடைய குரல்: "அத்தான், இன்னும் கொஞ்சம் சத்தமா பேசுங்க."

அக்கா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.