மட்டி இருக்கும் இடம்

சில வருடங்களுக்கு முன் ஆனைமலை ஆற்றில் குளிக்கும்போது என் மகளின் கொலுசு கழன்று போய்விட்டது. அவள் அம்மா இறப்பதற்கு முன் வாங்கித் தந்தது. கொலுசு, கொலுசு என்று அழும் மகளைக் கரையில் நிறுத்திவிட்டு, விழுந்த இடத்திலேயே துழாவினேன்.

சற்றுத் தள்ளி ஓர் அம்மா மணலில் புதைந்திருக்கும் மட்டிச் சிப்பிகளை எடுத்துக்கொண்டிருந்தார். வெயிலில் கறுத்த, மெலிந்த முகம். கண்ணை மூடிக்கொண்டு, பாதத்தால் மணலைத் தடவித்தான் மட்டியைக் கண்டுபிடித்தார்.

"ஏனுங்க, அங்க தேடாதீங்க. தண்ணி வேகம் அடங்குற எடத்துலதான் மட்டி இருக்கும். கொலுசும் அங்கதான் போயிருக்குமுங்க" என்று ஆற்றின் வளைவுக்கு நடந்தார்.

அரை மணி நேரத்தில் கொலுசோடு வந்தார். மகள் அழுகையை விட்டுச் சிரித்தாள். நான் கைகூப்பினேன்.

"அட, உடுங்க. அம்மணி சிரிச்சுப்போட்டா, அது போதுமுங்க" என்று மறுபடி ஆற்றில் இறங்கினார்.

இப்போதும் மனைவியை நினைக்கும்போதெல்லாம், பேர்கூடக் கேட்காமல் விட்ட அந்த அம்மாவும் கூடவே நினைவுக்கு வருகிறார்.