துப்பாக்கிக் காரில் இரண்டாவது ஆள்

அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டர். அவர் ஊதினால் நாலு தெரு தள்ளிக் குக்கர்களெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். ஒரு தடவை ரயிலே நின்றுவிட்டது என்று சொன்னால் நம்ப வேண்டாம். வேகம் குறைந்தது மட்டும் நிஜம். காற்று நுழையாத நெரிசலிலும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்புவார், சட்டையில் ஒரு சுருக்கம் விழாது.

அந்த மனிதர் இப்போது ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறார். வலது கால் முழங்காலோடு சரி.

பணிமனையில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் பின்புறம் நின்று தகரத்தில் தட்ட வேண்டும். தட்டும் சத்தம் கேட்கிற வரை டிரைவர் பின்னால் வரலாம். தட்டுவது நின்றால் பஸ்ஸை நிறுத்த வேண்டும். அவருக்கும் அவருடைய டிரைவருக்கும் பதினோரு வருஷப் பழக்கம். அன்று சக்கரத்துக்கும் மேடைக்கும் நடுவே கால் மாட்டியது. அலறிக்கொண்டே இரண்டு கையாலும் தகரத்தில் அடித்தார். கையை எடுத்திருந்தால் பஸ் நின்றிருக்கும். இஞ்சின் இரைச்சலில் அலறல் கேட்கவில்லை, தட்டு மட்டும் கேட்டது. டிரைவர் வந்துகொண்டே இருந்தான்.

அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நடந்ததைக் கண்டக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் திரும்ப எடுப்பார்களாம்.

பார்க்க வந்த டிரைவர் அரைமணி நேரம் சுவரையே பார்த்தான். பேச்சுக்குப் பதிலாக விசில், மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் போட்டார். புது விளையாட்டு, பழைய வேஷம்: கட்டம் கட்டமான படம், பல் கூசும் சங்கீதம், கூரையில் துப்பாக்கி வைத்த கார். ஆளுக்கொரு கண்ட்ரோலரைக் கையில் பிடித்து, ஒருவர் ஓட்ட, ஒருவர் சுட வேண்டும். முந்த வருகிறவனைக் கொளுத்த வேண்டும். நம் கார் எரிந்தால் மூன்று தடவை மினுக்கிவிட்டு முழுசாக வந்து நிற்கும், ஒரு கீறல் இருக்காது. அந்த மினுக்கலை இருவரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

பிறகு தினமும் காலை பத்து மணிக்கு வந்தான்.

“அண்ணே, இடது பக்கம் ஒருத்தன் ஏறி வர்றான்!”

“நீ ரோட்டைப் பாருடா. டிக்கெட் இல்லாம எவனையும் விடமாட்டேன்.”

ஆபரேஷனுக்குப் பிறகு விசில் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். அந்தக் காரில் யாருக்கும் கால் தேவையில்லை.

கடிதம் எழுத வேண்டிய வெற்றுத்தாள் அலமாரி மேல் கிடந்தது. கால் போனவரிடம் எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கி டிரைவர் கேட்கவில்லை. விசிலும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் போகாவிட்டால் வேலையே போய்விடும் என்று டிரைவரின் மனைவி வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள்.

வியாழனன்று துணி மடித்துக்கொண்டே விசிலின் மனைவி ஆரம்பித்தாள்.

“ஏங்க, எழுதிக் குடுக்க என்ன கஷ்டம்? கால்தானே போச்சு, கை இருக்குல்ல?”

“யோசிச்சு எழுதணும்.”

“அவன் மேல தப்பில்லேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அவன் பஸ் ஏறிட்டா பத்து மணிக்கு இங்க யாரு வருவா? அதானே யோசனை?”

“வாயை மூடுடி.”

“மூடிட்டேன். அவன் வீட்டு அடுப்பையும் மூடச் சொல்லிட்டு வர்றேன்.”

வெள்ளிக்கிழமை அவர்கள் அதுவரை எட்டாத கடைசிச் சுற்றை எட்டினார்கள். “ஜெயிச்சிடுவோம்ணே,” என்றான் டிரைவர். குரல் கெஞ்சுவது போல இருந்தது. விசில் அலமாரி மேல் கிடந்த தாளைப் பார்த்தார். கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். திரையில் கார் எரிந்தது.

“அந்தப் பேப்பரை எடு.”

தட்டியது நான், முறைப்படி அவன் வந்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிரைவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

“ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா இங்கதாண்ணே வருவேன்.”

“வாடா.”

முதல் வாரம் இரண்டு தடவை வந்தான். டீசல் வாடையோடு உட்கார்ந்து, பாதி ஆட்டத்தில் தூங்கி விழுந்தான். அப்புறம் ஞாயிறு மட்டும். அப்புறம் ஞாயிறும் டூட்டி.

ஒருநாள் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுல பிரேக் எங்கங்க?”

“பிரேக் கிடையாது.”

“அப்ப எப்படி நிக்கிறது?”

அவர் ஆட்டத்தைத் தொடங்கினார். பத்து நிமிஷத்தில் அவளுக்குத் தலை சுற்றி எழுந்துவிட்டாள்.

இப்போது இரண்டு கண்ட்ரோலரையும் மடியில் வைத்துக்கொள்கிறார். இடது கையால் ஓட்டுகிறார், வலது கையால் சுடுகிறார். கார் முதல் வளைவைக்கூடத் தாண்டுவதில்லை.