கடைசி வரிசைக்கு எழுதிய அட்டைகள்

பழைய காலண்டர்களின் முதுகு அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று.

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் சபையில் வழக்கம். வசனம் எழுதிய அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்போம். கையில் வருவது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தனக்கென்று சொன்ன வார்த்தை. பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் அட்டை எழுதும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் பக்கம் தட்டு ஏந்துவதும் நான்தான்.

கிளியூர் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற அக்கா ஒருவர் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். காப்பிச் செடிக்கு வெயில் விழும்படி கிளை கழிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அவர் கணவர் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்து ஏழு மாதமாகியிருந்தது. "நாங்க என்னங்க பாவம் பண்ணுனோம்?" என்று ஜெபத்திலேயே சத்தமாகக் கேட்பார். பக்கத்தில் இருப்பவர்கள் நெளிவார்கள். இப்படியே போனால் சபைக்கு வருவதை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன்.

கடைசி வரிசைக்குப் போகும்போது தட்டில் நாலைந்து அட்டைதான் மிஞ்சும். அவை எல்லாவற்றிலும் ஒரே வசனத்தை எழுதினேன்: படுத்திருப்பவன் எழுந்து நடப்பான் என்று பொருள்படும் வசனம். மற்ற அட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

அக்கா எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கண்ணு, இது எனக்குன்னே எழுதுனாப்பல இருக்குது!"

பக்கத்திலிருந்த வயசான அம்மா ஒருவருக்குப் படிக்கத் தெரியாது. தன் அட்டையை என்னிடம் நீட்டினார். "என்ன போட்டிருக்குது சாமி?"

"பயப்பட வேண்டாம்னு போட்டிருக்குதுங்க" என்றேன். அதிலும் அதே வசனம்தான் இருந்தது. சபை நடுவில் இரண்டாவது பொய். அன்று அது எனக்கு உறுத்தவே இல்லை. நல்ல காரியம் நடந்துவிட்ட வேகத்தில் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வீடு வீடாகச் சந்திக்கும் வழக்கப்படி அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அட்டையைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். அதற்கு நேர் கீழே கட்டிலில் கணவர்.

"கர்த்தரு எந்திரின்னு சொல்லிப்புட்டாராமா. எனக்குத்தான் காது கேக்கலீங்க" என்று சிரித்தார்.

"வாயை மூடுங்க, நீங்க ஒருத்தரு" என்ற அக்கா பாதியாய் இளைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் உபவாசமாம். இப்போது புதன்கிழமையும் சேர்த்தாயிற்றாம். பழக்கூடை சுமக்கிற உடம்பு.

"ஏனுங்க அக்கா, இப்படிப் பட்டினி கெடந்தா..."

"கர்த்தரு மேல தப்பில்ல கண்ணு. அவரு சொல்லிட்டாரு. என்ற விசுவாசந்தான் பத்தல. முன்னெல்லாம் அவருகூட நொம்பச் சண்டை போட்டேனல்லோ, அதுக்குத்தான் இப்படின்னு தோணுது. இப்பப் போடறதில்ல."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த அக்கா சண்டை போட்டுக்கொண்டாவது ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தார். அதை நான் அவநம்பிக்கை என்று நினைத்தேன். ஆனால் ஆண்டவர் தாமே பதில் சொல்வார் என்று நம்பாதவள் நான்தான். அவருடைய பெயரில் கையெழுத்துப் போட்டது போல ஒரு வேலை செய்துவிட்டு, மூன்று மாதமாக ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். காப்பி கொடுத்தார், குடித்தேன். ஜெபம் பண்ணச் சொன்னார், பண்ணினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சொன்னால் சபைக்கே வராமல் போய்விடுவாரோ என்ற பயம் இருக்கிறது. அதைவிட, என்னைப் பார்க்கும் அந்தப் பார்வை மாறிவிடுமே என்ற பயம்தான் பெரிது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. நண்பகலில், அவர் கணவரும் கேட்கும்படி சொல்லப் போகிறேன். சுவரில் உள்ள அட்டையை நான் தொடப்போவதில்லை. கிழிப்பதும் வைத்திருப்பதும் அவர் பாடு. தூக்குச்சட்டியில் சோறு எடுத்துப் போவேன். எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்: "அக்கா, மொதல்ல சாப்பிடுங்க. உங்க விசுவாசத்துல ஒரு கொறையும் இல்லீங்க."